குழந்தைக்குத் திருமுழுக்கு: வாக்குக் கொடுப்பது யார்?

சேலத்திலிருந்து 20 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைந்து, அங்கிருந்து காப்பித் தோட்டங்களினூடே சென்றால் வாழவந்தி என்னும் ஊர் வரும். பெயரிலேயே வாழ்வைத் தாங்கிய ஊர். அதனையடுத்த தோட்டமொன்றின் லைன் வீட்டு வாசலில், பழம் பறிக்கும் காலத்து மாலையொன்றில், மூன்று மாதப் பெண் குழந்தையை மார்போடணைத்தவாறு ஒரு மூதாட்டி நம்மை வழிமறித்தார்.

“சாமி, பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க இவன் சம்மதிக்க மாட்டேன் என்கிறான். இந்தக் குளிரில் காய்ச்சல் கண்டு ஏதேனும் ஆகிவிட்டால் என் பேத்தியின் ஆத்துமம் எங்கே போகும்?”

மகன் எழுந்து நின்றான். திருப்பூரில் சில ஆண்டுகள் வேலை செய்து திரும்பியவன். மரியாதை குறையாமல், ஆனால் உறுதியாகப் பேசினான். “நான் கடவுளை மறுக்கவில்லை, சாமி. பேசத் தெரியாத பிள்ளை எப்படி விசுவசிக்கிறேன் என்று சொல்லும்? வளரட்டும், அவளே விரும்பிக் கேட்கட்டும். என்னை யாரும் கேட்கவில்லை. தண்ணீர் ஊற்றினார்கள், பெயரை எழுதினார்கள். அதற்குப்பின் அப்பா ஒரு ஜெபமும் சொல்லித் தரவில்லை. குடித்துவிட்டு வந்து அம்மாவை அடித்தார். கோயிலிலிருந்தும் எவரும் வந்து விசாரிக்கவில்லை.”

மூதாட்டி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நாமும் தலை குனிந்தோம். விசுவாசத்தை ஏளனம் செய்வோரின் கேள்விக்கு விடை சொல்வது எளிது. காயப்பட்ட விசுவாசியின் கேள்விக்கு அவ்வளவு எளிதாக விடை சொல்லிவிட இயலாது.

முதலில் மூதாட்டியின் அச்சத்தைத் தீர்க்க வேண்டியிருந்தது. திருமுழுக்குப் பெறாது இறக்கும் குழந்தைகளைத் திருச்சபை இறைவனின் இரக்கத்திடம் நம்பிக்கையோடு ஒப்படைக்கிறது. 1992-ஆம் ஆண்டின் மறைக்கல்வி ஏடு இதனைத் தெளிவாகக் கூறுகிறது. இறையியலாளரின் அனைத்துலக ஆணைக்குழு 2007-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வும் இந்த நம்பிக்கைக்கு உறுதியான ஆதாரங்களுண்டு எனக் காட்டியது. மேலும், உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் குருவானவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. திருச்சபையின் கருத்தோடு எவரும் நீர் வார்த்துத் திருமுழுக்கு அளிக்கலாம். ஆகவே, பயத்தினால் விரைந்து பெறும் சடங்காகத் திருமுழுக்கைக் கருதலாகாது என்றோம்.

இளைஞன் எழுப்பிய வினாவோ திருச்சபையில் மிகப் பழமையானது. ஏறக்குறைய 200-ஆம் ஆண்டிலேயே வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த தெர்த்துல்லியன், சிறு குழந்தைகளின் திருமுழுக்கைத் தள்ளிப்போடுவதே நலம் என எழுதினார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று நம்மைச் சிந்திக்க வைக்கிறது. குழந்தைக்காக வாக்குக் கொடுக்கும் ஞானப் பெற்றோர் அவ்வாக்கை நிறைவேற்ற இயலாது போகலாமே என்பதே அது. அதே நாட்டில் அரை நூற்றாண்டிற்குப்பின், புனித சிப்பிரியானும் அவரோடு கூடிய ஆயர்களும், எட்டாம் நாள்வரைகூடக் காத்திருத்தல் வேண்டா எனத் தீர்மானித்தனர். இறைவனின் அருள் எவருக்கும் மறுக்கப்படலாகாது என்பது அவர்கள் வாதம்.

புனித அகுஸ்தினாரின் வரலாறும் நாம் அறிந்ததே. சிறு வயதில் கடும் நோயுற்றபோது அவருக்குத் திருமுழுக்கு அளிக்க ஏற்பாடாயிற்று. நோய் நீங்கவே அது தள்ளிவைக்கப்பட்டது. பின்னர் 387-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவின்போது, மிலான் நகரில், தம் மகனோடு சேர்ந்து புனித அம்புரோசியாரிடம் அதைப் பெற்றார். அந்தத் தாமதத்தால் நன்மை விளைந்ததாக அவர் கருதவில்லை. முன்னரே பெற்றிருந்தால் நலமாயிருக்குமே என்று வருந்தினார்.

அப்படியாயின் வயது வந்தபின் பெறுவதே உறுதியான விசுவாசத்திற்கு உத்தரவாதம் ஆகுமா? நம் தமிழகத்தின் முத்துக்குளித்துறையே இதற்குச் சான்று பகரும். 1536, 1537-ஆம் ஆண்டுகளில் அங்குப் பல்லாயிரம் பரதவர் திருமுழுக்குப் பெற்றனர். அவர்களுள் பெரியோர் பலர். 1542-இல் புனித சவேரியார் வந்து அவர்களை வினவியபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர வேறொன்றும் அவர்களால் சொல்ல முடியவில்லை. அது அவர்கள் குற்றமன்று; அவர்கள் மொழியில் கற்பிக்க ஆள் இல்லை. சவேரியார் செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து மனனம் செய்தார். மணியடித்துச் சிறுவர் சிறுமியரைக் கூட்டினார். கற்றதைப் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் கற்பிக்குமாறு அவர்களை வீடுகளுக்கு அனுப்பினார். பெரியோர் கல்லாதிருக்க, பிள்ளைகள் ஆசிரியராயினர்! நன்கு கற்றுத் தெளிந்து 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752-இல் விசுவாசத்திற்காக உயிர் நீத்த புனித தேவசகாயத்தையும் நாம் அறிவோம். எனவே வயதைக் காட்டிலும், கற்பிப்பார் உண்டா என்பதே பெரிய வினா.

“தாய்மொழியைக்கூடப் பிள்ளையைக் கேட்டா கொடுக்கிறோம்?” என்று சிலர் இதற்கு விடை சொல்வதுண்டு. நல்ல உவமைதான், ஆயினும் போதாது. மொழி கேட்கக் கேட்கத் தானே வந்துவிடும். விசுவாசமோ ஒருநாள் மனிதன் தன் சுதந்திர மனத்தால் ஏற்கவேண்டியது. அதனை ஏற்குமாறு எவரையும் வற்புறுத்தலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிக்கையிட்டுள்ளது.

இங்கேதான் நாம் அந்த இளைஞனுக்குத் திருமுழுக்குச் சடங்கு நூலை விரித்துக் காட்டினோம். முற்காலத்தில் கேள்விகள் குழந்தையை நோக்கியே கேட்கப்பட்டன. ஞானப் பெற்றோர் குழந்தையின் பெயரால் விடை சொன்னார்கள். பெறுவோர் பச்சிளங் குழந்தைகளே என்ற உண்மைக்கேற்பச் சடங்கை அமைக்கவும், பெற்றோரின் பொறுப்பைத் தெளிவாக்கவும் வேண்டுமென 1963-இல் சங்கம் பணித்தது. அதன்படி 1969-இல் வெளிவந்த புதிய சடங்கில், பெற்றோரும் ஞானப் பெற்றோரும் தங்கள் சொந்த விசுவாசத்தையே அறிக்கையிடுகின்றனர். பசாசை விட்டுவிடுகிறீர்களா என்ற கேள்வி தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கன்று. பெற்ற தந்தைக்கு, பெற்ற தாய்க்கு.

“அப்படியானால் வாக்குக் கொடுப்பது நானா, சாமி?” என்று கேட்டான். நெடுநேரம் பேசாதிருந்தான்.

ஆம், அன்பரே, அருளைப் பெறுவது குழந்தை. வாக்குக் கொடுப்பது நாம். கேளாமலே அன்பு செய்யும் இறைவனின் கொடைக்கு எந்தக் குழந்தையும் மிகச் சிறியதன்று. அக்கொடையை விளக்கி வளர்க்கும் கடன் நம்முடையது. புதுநன்மையில், உறுதிப்பூசுதலில், ஆண்டுதோறும் பாஸ்கா இரவில் அப்பிள்ளை தன் வாயாலேயே பதில் சொல்லும் காலம் வரும். அன்று அது மறுத்தால்? திருமுழுக்கின் முத்திரை அழியாது. ஆயினும் ஒருவரையும் அடித்து விசுவசிக்க வைக்க இயலாது. அந்தத் துயரத்தைத் தாங்குவதும் பெற்றோர் அன்பின் ஒரு பகுதியே.

இதனாலன்றோ, பிறந்த சில வாரங்களுக்குள் திருமுழுக்கு அளிக்கப் பெற்றோரைக் கடமைப்படுத்தும் 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டமே, இன்னொரு நிபந்தனையையும் விதிக்கிறது! பெற்றோரில் ஒருவராவது இசைய வேண்டும். குழந்தை கத்தோலிக்க விசுவாசத்தில் வளர்க்கப்படும் என்பதற்கு ஆதாரமுள்ள நம்பிக்கை வேண்டும். அது அறவே இல்லையெனில், காரணத்தைப் பெற்றோருக்கு விளக்கித் திருமுழுக்கைத் தள்ளிவைக்க வேண்டும். தள்ளிவைத்தல் தண்டனையன்று, பெற்றோரைத் தயாரிக்கும் காலம்.

அக்குடும்பத்திற்கும் அத்தகைய காலம் தேவைப்பட்டது. நமக்கும் தேவைப்பட்டது. “எவரும் வந்து விசாரிக்கவில்லை” என்ற சொல் நம்மை உறுத்திக்கொண்டேயிருந்தது. பதிவேட்டில் பெயர் எழுதுவதோடு பங்கின் கடமை முடிந்ததென எத்தனை குடும்பங்களை நாம் மறந்திருக்கிறோம்! தவக்காலம் முடியும்வரை ஞாயிறு மாலைகளில் அந்த லைன் வீட்டுக்குச் சென்றோம். தந்தை, தாய், ஞானப் பெற்றோர் எல்லோரும் கூடினர். சிலுவை அடையாளத்திலிருந்தே தொடங்கினோம்.

ஒருநாள் அவன் கேட்டான்: “இந்த வாக்கை நான் காப்பாற்றத் தவறினால் என்ன செய்வது, சாமி?”

“தவறிய அன்றே உன் மகளிடம் மன்னிப்புக் கேள், தம்பி. உன் தந்தை உன்னிடம் அதைக் கேட்டிருந்தால் இன்று உன் மனம் எப்படியிருக்கும்?” என்றோம். அவன் கண்கள் கலங்கின.

பாஸ்கா இரவில் குளிர்ந்த நீர் பட்டதும் குழந்தை வீறிட்டு அழுதாள். அதற்குச் சற்று முன்னர், விட்டுவிடுகிறீர்களா என்று நாம் கேட்டபோது, எல்லார் குரலுக்கும் மேலாக அந்தத் தந்தையின் குரல் கேட்டது. பின்வரிசையில் மூதாட்டி செபமாலையோடு நின்றார்.

அன்பார்ந்த பெற்றோரே, குழந்தை இவ்வாக்கிற்கு மிகச் சிறியதா என்று வினவுகிறோம். சிறியதுதான். அதனாலேயே வாக்கை நம் கையில் திருச்சபை ஒப்படைத்தது. அதைக் காக்கும் அளவிற்கு நாம் வளர்ந்திருக்கிறோமா? பாஸ்காத் திரியிலிருந்து ஏற்றி அன்று உங்கள் கையில் தந்த மெழுகுதிரி, வீட்டுப் பெட்டியின் அடியில் எங்கேனும் கிடக்கும். பிள்ளையின் திருமுழுக்கு நாள் வரும்போது அதனை எடுத்து ஏற்றுங்கள். அன்று எதை வாக்களித்தீர்கள் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். அதற்கு அதிக நேரம் ஆகாது.