ஆயாவுக்கு ஆயா பேர் என்ன?

ஒரு கணக்குப் போடலாமா? உங்களுக்கு அம்மா, அப்பா என்று இரண்டு பேர். அவர்களைப் பெற்றவர்கள் நான்கு பேர். அதற்கு மேலே எட்டு, அப்புறம் பதினாறு. இப்படியே இரண்டால் பெருக்கிக்கொண்டு போங்கள். பத்தாவது தலைமுறையில் 1,024 பேர் வந்து நிற்பார்கள். தலைமுறைக்கு 25 ஆண்டு என்று வைத்தால், இது 250 ஆண்டுக் கணக்கு. செஞ்சிக் கோட்டை பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போனது 1761-இல். ஏறத்தாழ அந்தக் காலம். செஞ்சிப் பக்கத்து அவலூர்பேட்டை வாரச்சந்தைக் கூட்டம் மாதிரி அத்தனை பேர், உங்கள் ஒருவருக்காக!

வேடிக்கை இன்னும் மேலே இருக்கிறது. முப்பதாவது தலைமுறைக்குப் போனால் 107 கோடிப் பேர் வேண்டும். ஆனால் 750 ஆண்டுகளுக்கு முன்னால் உலகம் முழுக்கச் சேர்த்தாலும் அதில் பாதிப் பேர்கூட இல்லை. பெருக்கலில் பிழையா? இல்லை. ஒரே ஆளைப் பல தடவை எண்ணிவிட்டோம்.

மாமன் மகளைக் கட்டியவர் உங்கள் தெருவிலேயே இருப்பார். அவருடைய அம்மாவும் அவர் மனைவியின் அப்பாவும் கூடப்பிறந்தவர்கள். அந்த இருவரையும் பெற்ற தாத்தா, ஆயா இரண்டு பக்கத்திலும் வருகிறார்கள். எனவே அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கொள்ளுத் தாத்தா, கொள்ளுப் பாட்டி எட்டுப் பேர் இல்லை, ஆறே பேர்தான். தாளில் வரைந்து பாருங்கள், புரியும். மேலே போகப் போகக் கிளைகள் இப்படித்தான் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன.

ஆகவே ஒரு வீட்டு வம்சாவளியை அந்த வீடு மட்டும் உட்கார்ந்து எழுத முடியாது. பாதிப் பெயர் பங்காளி வீட்டில் இருக்கும். மீதி, வளத்தியிலோ மேல்மலையனூரிலோ பெண் எடுத்த வீட்டில் இருக்கும். எல்லோரும் கொண்டுவந்து ஓரிடத்தில் சேர்த்தால்தான் படம் முழுமையாகும். சாதி, தெரு பார்க்காமல் யாரும் போய் உட்காரக்கூடிய இடம் ஊர் நூலகம். அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

முன்பும் ஒருவர் ஊர் ஊராகச் சேர்த்தார். காலின் மெக்கன்சி என்ற நில அளவையாளர். 1815-இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனவர். உதவியாளர்களை அனுப்பி ஊர்க்கதைகளையும் வம்சாவளிகளையும் எழுதி வாங்கினார். செஞ்சியை ஆண்டவர்கள் பற்றிய தமிழ்ச் சரித்திரமும் அந்தத் தொகுப்பில் உண்டு. ஆனால் ராஜாக்களையும் பாளையக்காரர்களையும் தேடிய அளவுக்கு அவர் களத்துமேட்டுக் குடும்பங்களைத் தேடவில்லை.

அந்த வேலையை இலங்கைத் தமிழர்கள் செய்கிறார்கள். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-இல் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அந்த இழப்பைச் சந்தித்த யாழ்ப்பாணத்தில், ஒருவர் இறந்தால் அந்தியேட்டி என்ற ஈமச்சடங்கு நாளில் நினைவு மலர் அச்சிட்டுக் கொடுக்கும் பழக்கம் உண்டு. பெற்றோர், கூடப்பிறந்தவர், மக்கள், மருமக்கள் என்று பெயர்கள் வரிசையாக இருக்கும். சிலவற்றில் வம்சாவளிப் படமே இருக்கும். 2005-இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகம் இந்த மலர்களையும் வாங்கி, ஸ்கேன் செய்து, யாரும் படிக்க வைத்திருக்கிறது.

நம் வீடுகளில் என்ன இருக்கிறது? மொய் நோட்டு! பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் அதில் உண்டு. கல்யாணப் பத்திரிகை, பழைய வீட்டுப் பத்திரம், ஜாதகக் கட்டு, காதுகுத்துப் படம் எல்லாமே சான்றுகள்தான். நூலகத்துக்குப் புத்தகம் வாங்க, 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரி வசூலாகிறது. ஆனால் மொய் நோட்டு எந்தக் கடையிலும் கிடைக்காது. வீட்டுக்காரர் மனசு வைத்தால்தான் உண்டு.

இந்தச் சான்றுகளைக் கெடாமல் காக்கவும் வேண்டும். பழைய தாள் ஏன் மஞ்சளாகிறது? தாள் செய்யும் மரக்கூழில் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது நிறம் மாறும். தாளில் உள்ள அமிலம் செல்லுலோஸ் இழைகளை அறுத்துவிடும். மடித்த இடத்தில் முதலில் உடையும். உடைகிறதே என்று செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட்டும் வேண்டாம். படத்தின் பின்புறம் பெயர் எழுத மென்மையான பென்சில் போதும். மூலத்தை வீட்டிலேயே வைத்துக்கொண்டு நகலை மட்டும் நூலகத்துக்குக் கொடுக்கலாம். உயிரோடு இருப்பவர்களின் விவரமாக இருந்தால் அவர்களைக் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

ஒரு வருத்தம் எனக்கு உண்டு. நம் உடம்பின் செல்களில் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பு, உணவிலிருந்து ஆற்றல் எடுத்துத் தருகிறது. அதற்குத் தனி டி.என்.ஏ. உண்டு, அது அம்மா வழியாகவே வருகிறது. அம்மா, ஆயா, ஆயாவின் அம்மா என்று அறுபடாமல் வந்த சங்கிலி அது. பழைய வம்சாவளிகளிலோ ஆண் பெயர்களே நிறைந்திருக்கின்றன.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆயாவிடம் உட்காருங்கள். அவருடைய அம்மா பெயர், அந்த அம்மாவைப் பெற்றவர் பெயர், பிறந்த ஊர் மூன்றையும் கேட்டு எழுதுங்கள். தாளின் கீழே தேதியும், சொன்னவர் யார் என்பதும் இருக்கட்டும். ஒரு நகலை எடுத்துப்போய் நூலகரிடம் கொடுத்து, இதற்கென்று ஒரு கோப்பு தொடங்கும்படி நூலகத்தின் வாசகர் வட்டத்திடம் கேளுங்கள்.