பாலி தீவில் குத்தகை வில்லா: முதலீட்டுக்கு முன் இந்தியர்கள் அறிய வேண்டியவை

இந்தோனேசியாவின் பாலி தீவுக்குச் செல்லும் இந்தியச் சுற்றுலாப் பயணிகள் அதிகரித்துள்ள நிலையில், அங்கு வில்லா வாங்குமாறு அழைக்கும் விளம்பரங்களும் சமூக வலைதளங்களில் பெருகியுள்ளன. சாங்கு, உலுவாத்து, உபுத் போன்ற பகுதிகளில் நீச்சல் குளத்துடன் கூடிய வீடு, 25 அல்லது 30 ஆண்டுக் குத்தகை, தொடர்ச்சியான வாடகை வருமானம் என்பதே இவ்விளம்பரங்களின் சாரம். இத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவருக்குச் சட்டப்படி கிடைப்பது என்ன, குத்தகைக் காலம் முடிந்தபின் எஞ்சுவது என்ன என்பதைக் காண்போம்.

வெளிநாட்டவருக்கு நில உரிமை உண்டா?

இந்தோனேசியாவில் நில உரிமையை நிர்ணயிப்பது 1960ஆம் ஆண்டின் அடிப்படை வேளாண் நிலச் சட்டம். 'ஹக் மிலிக்' எனப்படும் முழு உரிமையை அந்நாட்டுக் குடிமக்கள் மட்டுமே பெற முடியும் என இச்சட்டத்தின் 21ஆவது பிரிவு கூறுகிறது. வெளிநாட்டவருக்கு மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, 'ஹக் சேவா' எனப்படும் குத்தகை. விளம்பரங்களில் வரும் பெரும்பாலான வில்லாக்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. இந்தோனேசியாவில் வசிக்கும் வெளிநாட்டவர் இதைப் பெறலாம் என்பதே சட்டத்தின் வாசகம். எனவே, இந்தியாவில் இருந்தபடியே கையெழுத்திட நினைப்பவர் இது குறித்து முதலிலேயே சட்ட ஆலோசனை பெற வேண்டும். இரண்டாவது, 'ஹக் பக்காய்' எனப்படும் பயன்பாட்டு உரிமை. 2021ஆம் ஆண்டின் 18ஆம் எண் அரசு ஒழுங்குமுறையின்படி இது 30 ஆண்டுகளுக்கு வழங்கப்பட்டு, 20 ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டு, பின்னர் 30 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்படலாம். மூன்றாவது, வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் ஒன்றைப் பதிவு செய்து, அதன் பெயரில் கட்டட உரிமை பெறுவது.

இவற்றுக்கு அப்பால், உள்ளூர்வாசி ஒருவரின் பெயரில் முழு உரிமை வாங்கி, தனி ஒப்பந்தம் மூலம் கட்டுப்பாட்டைக் கையில் வைத்துக்கொள்ளும் 'பினாமி' முறையைச் சில தரகர்கள் பரிந்துரைப்பதுண்டு. இது சட்டவிரோதம். வெளிநாட்டவருக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ முழு உரிமையை மாற்றும் எந்த ஏற்பாடும் செல்லாது என்றும், அந்த நிலம் அரசுடைமையாகும் என்றும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கோர முடியாது என்றும் அதே சட்டத்தின் 26ஆவது பிரிவு திட்டவட்டமாகக் கூறுகிறது.

இந்த 'லீஸ்' ஒத்தி அல்ல

தமிழ்நாட்டில் 'லீஸ்' என்ற சொல் பேச்சுவழக்கில் பெரும்பாலும் ஒத்தியையே குறிக்கிறது. வீட்டு உரிமையாளரிடம் ஒரு பெருந்தொகையைக் கொடுத்துக் குடியேறுவோம். காலம் முடிந்ததும் அந்தத் தொகை முழுவதும் திரும்பக் கிடைக்கும். பாலியில் உள்ள குத்தகை இதற்கு நேர்மாறானது. 25 ஆண்டு வாடகை முழுவதும் முன்கூட்டியே செலுத்தப்படுகிறது. காலம் முடிந்ததும் நிலம் உரிமையாளரிடம் திரும்பும். ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லையெனில் அதன்மேல் கட்டிய வில்லாவும் பொதுவாக அவருக்கே சேரும். கொடுத்த பணம் திரும்ப வராது.

அங்கு நில விலை 'ஆர்' என்னும் அளவுக்கு, அதாவது 100 சதுர மீட்டருக்கு, ஆண்டுக்கு இவ்வளவு எனப் பேசப்படுகிறது. விலைக்கு வாங்கப்படுவது காலமே என்பதை இந்த வழக்கமே உணர்த்துகிறது.

வருவாய்க் கணக்கு எப்படி மாறுகிறது?

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். 25 ஆண்டுக் குத்தகை வில்லா ஒன்றின் விலை ரூ.1.5 கோடி, செலவும் வரியும் போக ஆண்டுக்கு ரூ.12 லட்சம் வாடகை கிடைக்கிறது எனக் கொள்வோம். விளம்பரத்தில் இது 8 சதவீத வருவாய் எனக் குறிப்பிடப்படும்.

ஆனால் 25 ஆண்டுகளில் ரூ.1.5 கோடி முதலும் கரைந்துவிடுகிறது. அதாவது ஆண்டுக்கு ரூ.6 லட்சம் தேய்மானம். கிடைக்கும் ரூ.12 லட்சத்தில் பாதி, நாம் போட்ட முதலே திரும்பி வருவதாகும். எஞ்சும் ரூ.6 லட்சமே ஆதாயம். இது முதலீட்டில் 4 சதவீதம். முதல் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் திரும்புவதையும் கணக்கில் கொண்டால்கூட, உண்மையான வருவாய் 6 சதவீதத்தைச் சற்றே தாண்டும். 8 சதவீதத்தை எட்டாது. அதுவும் 25 ஆண்டுகளும் வில்லாவுக்கு வாடகையாளர் குறையாமல் வந்தால் மட்டுமே.

மறுவிற்பனைக்கும் இதே நிலைதான். பத்து ஆண்டுகள் கழித்து விற்கும்போது வாங்குபவருக்குக் கிடைப்பது 15 ஆண்டுகளே. போட்ட ரூ.1.5 கோடியைத் திரும்பப் பெற, ஓர் ஆண்டுக்கான விலை ரூ.6 லட்சத்திலிருந்து ரூ.10 லட்சமாக உயர்ந்திருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை

நீட்டிப்பு: 'மேலும் 25 ஆண்டுகள் நீட்டிக்கலாம்' என்ற வாசகம் மட்டும் போதாது. நீட்டிப்பு அன்றைய சந்தை விலையில் எனக் குறிப்பிடப்பட்டிருந்தால், நில உரிமையாளர் கேட்கும் தொகையே விலையாகிவிடக்கூடும். விலையைக் கணக்கிடும் முறையும் உச்ச வரம்பும் இப்போதே எழுதப்பட வேண்டும்.

உரிமை மாற்றம்: நிலம் விற்கப்பட்டாலும், உரிமையாளர் இறந்தாலும் குத்தகை முறியாது என இந்தோனேசிய உரிமையியல் சட்டம் கூறுகிறது. எனினும் இதை ஒப்பந்தத்திலும் சேர்ப்பது நல்லது. உள்குத்தகைக்கு விடவும், மற்றவருக்கு விற்கவும், வாரிசுகளுக்கு மாற்றவும் அனுமதி இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும்.

வில்லங்கம்: நம் ஊரில் வில்லங்கச் சான்று பார்ப்பதுபோல, அங்கு அசல் நிலச் சான்றிதழை அரசின் நில அலுவலகத்தில் சரிபார்க்க வேண்டும். நிலம் அடமானத்தில் உள்ளதா, பூர்விகச் சொத்தாயின் எல்லா வாரிசுகளும் கையெழுத்திட்டுள்ளனரா என்பவை முக்கியம். ஒப்பந்தம் நோட்டரி முன்னிலையில் இந்தோனேசிய மொழியிலும் அமைய வேண்டும். விற்பவர் ஏற்பாடு செய்யும் நோட்டரியை மட்டும் நம்பாமல் தனி வழக்கறிஞரை அமர்த்துவது பாதுகாப்பு.

வகைப்பாடு: பாலியில் நிலங்கள் குடியிருப்பு, சுற்றுலா, வேளாண்மை எனப் பிரிக்கப்பட்டுள்ளன. பசுமை மண்டலமாக ஒதுக்கப்பட்ட வயல்வெளியில் வில்லா கட்ட அனுமதி இல்லை. உலுவாத்து அருகே பிங்கின் கடற்கரையில் அரசு நிலத்தில் எழுப்பப்பட்டிருந்த பல விடுதிகளும் உணவகங்களும் 2025 ஜூலையில் இடிக்கப்பட்டன. கட்டட அனுமதியும், கட்டி முடித்தபின் பெறும் பயன்பாட்டுத் தகுதிச் சான்றும் இல்லாத வில்லாவில் பணம் போடுவது இத்தகைய ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும்.

வாடகைத் தொழில்: குத்தகை ஒப்பந்தம் இருப்பதாலேயே சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடும் உரிமை வந்துவிடாது. அதற்குத் தனியாகத் தொழில் உரிமம் தேவை. வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் தொடங்கப் பொதுவாக 1,000 கோடி ரூபியாவுக்கு மேற்பட்ட முதலீட்டுத் திட்டம் காட்ட வேண்டும். இது இந்திய மதிப்பில் ஏறக்குறைய ரூ.5 கோடி. மேலும், நிலம் மற்றும் கட்டட வாடகைக்கு அங்கு 10 சதவீத இறுதி வரி உண்டு. குத்தகைத் தொகைக்கான இந்த வரியை யார் செலுத்துவது என்பதும் ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்க வேண்டும்.

இந்தியாவில் உள்ள விதிகள்

2022ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மை (வெளிநாட்டு முதலீடு) விதிகளின்படி, 5 ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகையும் வெளிநாட்டு அசையாச் சொத்தாகவே கொள்ளப்படுகிறது. இதற்கு இந்திய ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் ஒரு நபர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். நிதியாண்டில் ரூ.10 லட்சத்துக்கு மேல் முதலீட்டுக்காக அனுப்பும் தொகைக்கு 20 சதவீத வரியை வங்கி முன்கூட்டியே வசூலிக்கும். வருமான வரிக் கணக்கில் இதை ஈடு செய்துகொள்ளலாம் என்றாலும், அதுவரை அந்தப் பணம் முடங்கியிருக்கும்.

இந்தியாவில் வசிப்பவர் தமது வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து விவரங்களையும், அதிலிருந்து வரும் வாடகையையும் காட்ட வேண்டும். தவறினால் 2015ஆம் ஆண்டின் கருப்புப் பணத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ரூ.10 லட்சம் அபராதம் விதிக்கப்படலாம். சிறு மதிப்புள்ள வெளிநாட்டுச் சொத்துகளுக்கு அளிக்கப்பட்டுள்ள அபராத விலக்கு அசையாச் சொத்துகளுக்குப் பொருந்தாது.

முடிவெடுக்கும் முன்

குத்தகை என்பது மோசடி அன்று. ஆண்டில் சில மாதங்கள் பாலியில் தங்க விரும்புவோருக்கும், முதல் கரைவதைக் கணக்கிட்டு வருவாயை எதிர்பார்ப்போருக்கும் அது பொருந்தக்கூடும். பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் சொத்தாகக் கருதி சேமிப்பு முழுவதையும் அதில் போடுவோருக்கு அது ஏற்றதன்று. எனவே முன்பணம் செலுத்தும் முன், மொத்த விலையை எஞ்சியுள்ள குத்தகை ஆண்டுகளால் வகுத்து, கிடைக்கும் தொகையை அதே பகுதியின் ஆண்டு வாடகையுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லையெனில், வாடகைக்குத் தங்கிவிட்டுத் திரும்புவதே லாபகரமானது.