கடைமடைக் கணக்கு

வங்கக் கடலோரத்தில், காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதியில் அமைந்த ஊர் வேளாங்கண்ணி. இப்பகுதி உழவர், மேட்டூரில் எத்தனை கன அடி நீர் திறந்தனர் என்று கேட்பதோடு நின்றுவிடுவதில்லை. அந்நீர் கல்லணையைக் கடந்து, ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் பிரிந்து, தம் வயலுக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதையே கணக்கிடுவர். வேலைக்காக ஊர் பெயர்வோரும் இவ்வாறே கணக்கிடுதல் வேண்டும். ஊதியம் அணையில் திறந்த நீரைப் போன்றது. மாதக் கடைசியில் எஞ்சும் பணமே வயலுக்கு வந்த நீராகும்.

பொருள் தேடி ஊர்விட்டுச் செல்லுதல் இப்பகுதியினர்க்குப் புதிதன்று. முற்காலத்தில் நாகப்பட்டினத் துறைமுகத்தில் கப்பலேறி மலேயாவுக்குச் சென்றோர் பலர். இந்நாளில் இளைஞர் பலர் சென்னையின் தென்புறநகர்களை நாடுகின்றனர். 2000-ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட பின்னர், பழைய மாமல்லபுரம் சாலையில் சோழிங்கநல்லூர், சிறுசேரி முதலிய இடங்களில் கணினி நிறுவனங்கள் பெருகின. வேலைக்கு வந்தோர் தொகை பெருகவே வீடுகளின் தேவை மிகுந்தது; வாடகையும் உயர்ந்தது.

இடத்துக்கு இடம் செலவு வேறுபடும் என்பதை அரசும் ஏற்றுக்கொண்டுள்ளது. மத்திய அரசு தன் ஊழியர்க்கு வழங்கும் வீட்டு வாடகைப் படிக்காக ஊர்களை மூவகையாகப் பிரித்துள்ளது. 2024 சனவரி முதல், அடிப்படை ஊதியத்தில் நூற்றுக்கு 30 பங்கு சென்னை போன்ற பெருநகரங்களுக்கும், 20 பங்கு திருச்சிராப்பள்ளி போன்ற நகரங்களுக்கும், 10 பங்கு வேளாங்கண்ணி போன்ற ஊர்களுக்கும் உரியதாயிற்று. தனியார் நிறுவனங்களில் பணிபுரிவோர் இவ்வேறுபாட்டைத் தாமே ஆராய்ந்தறிதல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். இதிலுள்ள தொகைகள் கணக்கை விளக்குவதற்காக நாமே அமைத்துக்கொண்டவை. வேளாங்கண்ணியில் தங்கும் விடுதி ஒன்றில் கணக்கெழுதும் இளைஞன் மாதம் 16,000 ரூபாய் பெறுகிறான். குடியிருப்பது சொந்த வீடு; உண்பது சொந்த வயலில் விளைந்த நெல். ஆதலின் அவன் செலவு 6,000 ரூபாய். மிச்சம் 10,000 ரூபாய். சென்னைப் புறநகரில் அவனுக்கு 30,000 ரூபாய் ஊதியத்தில் வேலை கிடைக்கிறது. அங்கே வாடகை 12,000, உணவு 6,500, மின்சாரமும் தண்ணீரும் 1,500, போக்குவரத்து 1,500, ஊருக்கு வந்து செல்ல 1,000, பிற செலவு 2,000. ஆக 24,500 ரூபாய். மிச்சம் 5,500 ரூபாயே. ஊதியம் ஏறக்குறைய இருமடங்காயிற்று. மிச்சமோ ஏறக்குறையப் பாதியாயிற்று.

அங்ஙனமாயின் போகாதிருத்தலே நன்றோ? அவ்வாறு முடிவு செய்துவிடுதலும் தவறே. இரு நண்பருடன் அவ்வீட்டைப் பகிர்ந்துகொண்டால், அவன் பங்குக்கு வாடகை 4,000 ரூபாயாகவும், மின்சாரமும் தண்ணீரும் 500 ரூபாயாகவும் குறையும். மிச்சம் 14,500 ரூபாயாகும். கூடுவாஞ்சேரி போன்ற தொலைவிடத்தில் 7,000 ரூபாய் வாடகைக்கு வீடு பார்த்தால், போக்குவரத்து 2,500 ரூபாயாக உயர்ந்தாலும், 9,500 ரூபாய் மிஞ்சும். ஆனால் நாள்தோறும் மூன்று மணி நேரம் வழியிலேயே கழியக்கூடும். அதுவும் ஒருவகைச் செலவே.

பலரும் மறந்துவிடும் மற்றொரு செலவு முன்பணம். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சென்னையில் நெடுங்கால வழக்கம். மேற்சொன்ன வீட்டுக்கு அது 1,20,000 ரூபாய். தாயின் நகையை அடகு வைத்து அதனைக் கொடுத்தால், வட்டியும் மாதச் செலவில் சேரும். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிடின் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மிகுதல் கூடாது என்கிறது. ஆதலின் உடன்படிக்கையில் கையெழுத்திடுமுன் இதனைப் பேசித் தீர்த்துக்கொள்ளுதல் நலம்.

தொகையில் அடங்காதவையும் சில உண்டு. புதிய இடத்தில் கற்கும் தொழிலறிவு பிற்காலத்தில் ஊதியத்தை உயர்த்தலாம். முதுமையுற்ற பெற்றோர்க்கு அருகிலிருந்து உதவும் வாய்ப்போ குறையும். இவற்றையும் சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும்.

மாணவர்களே, ஒருநாள் உங்களுக்கும் தொலைவிலிருந்து வேலைக் கடிதம் வரலாம். ஊதியத் தொகையே முதலில் உங்கள் கண்ணிற்படும். அன்று பெற்றோருடன் அமர்ந்து, வரவை ஒருபுறமும் செலவை மறுபுறமும் எழுதிப் பாருங்கள். கடைசியில் எஞ்சும் தொகையைக் கண்டபின் விடை எழுதுங்கள்.