சூடாகாத இயந்திரமும் வெந்நீர்ப் பாத்திரமும்

சென்ற மழைக்காலத்தில், சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து ஐந்தாம் மாதப் பரிசோதனைக்காக ஓர் இளம்பெண் தம் தாயாருடன் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்திருந்தார். மகளுக்குத் தம் சிறுநீரகங்களுள் ஒன்றைக் கொடுத்தவர் அத்தாயாரே. மகளின் இரத்தப் பரிசோதனை முடிவுகள் மனநிறைவு தருவனவாகவே இருந்தன. ஆனால் எடை பார்க்கும் இடத்தில் நின்றிருந்த செவிலியர், தாயாரின் இடக்காலில் சுற்றியிருந்த துணியைக் கவனித்துவிட்டார்.

"ஒண்ணுமில்ல டாக்டர், கொஞ்சம் வெந்நீர் பட்டுடுச்சு" என்றார் அந்த அம்மையார். துணியை அவிழ்த்துப் பார்த்தபோது, புறங்காலிலிருந்து கணுக்கால் வரை தோல் உரிந்திருந்தது. வலிக்கு என்ன செய்தீர்கள் எனக் கேட்டோம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையை நான்கு நாள்களாக உட்கொண்டு வந்திருக்கிறார். அட்டையை வாங்கிப் பார்த்தோம், டைக்ளோஃபெனாக். ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழ்பவர் எங்களைக் கேளாமல் தொடவே கூடாத மருந்துகளுள் அது ஒன்று. அன்றே அவருக்கும் இரத்தம் எடுத்தோம். கிரியாட்டினின் அளவு உயர்ந்திருந்தது.

நடந்தது இதுதான். மகள் வீடு திரும்பியதும், உறவினர் சொற்படி, தவணைமுறையில் ஒரு டிஷ்வாஷர் வாங்கியிருக்கிறார்கள். சில மாதங்கள் நன்றாக ஓடிய இயந்திரம் பிறகு நீரைச் சூடாக்குவதை நிறுத்திவிட்டது. ஓசை எழும்பும், நீர் சுழலும், நேரம் முடிந்ததும் மணியும் அடிக்கும். திறந்தால் தட்டுகள் குளிர்ந்து, ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். இதனால் மகளுக்குத் தொற்று வந்துவிடுமோ என்று அஞ்சிய தாயார், இரவுதோறும் பெரிய குண்டானில் நீரைக் கொதிக்கவைத்து, வீட்டிலுள்ள தட்டு, டம்ளர் அனைத்தையும் அதில் முக்கி எடுத்திருக்கிறார். ஓரிரவு குண்டானை அடுப்பிலிருந்து இறக்கும்போது பிடிதுணி நழுவிவிட்டது.

இதில் எங்கள் பங்கும் உண்டு. வீட்டுக்கு அனுப்பும்போது நாங்கள் கொடுக்கும் அறிவுரைத் தாளில் "பாத்திரங்களை மிகத் தூய்மையாக வைத்துக்கொள்ளவும்" என்று ஒரு வரி இருந்தது. எவ்வளவு தூய்மை, எவ்வளவு சூடு, இயந்திரம் பழுதானால் என்ன செய்வது என்பன பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்தக் குறையை நிரப்பவே இக்கட்டுரையை எழுதுகிறோம். இயந்திரம் பற்றிய செய்திகளை எங்கள் மருத்துவமனையின் கருவிப் பராமரிப்புப் பொறியாளரிடம் கேட்டறிந்தோம்.

முதலில் அச்சத்தைச் சரியான அளவுக்குக் கொண்டுவருவோம். அறுவை அரங்கக் கருவிகளை ஆட்டோகிளேவ் என்னும் கலத்தில் அழுத்த நீராவி கொண்டு 121 அல்லது 134 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நுண்ணுயிர் நீக்கம் செய்கிறோம். வீட்டு டிஷ்வாஷர் அவ்வகைக் கருவியன்று. அதன் சாதாரணக் கழுவல் 50 முதல் 65 டிகிரி வரையிலும், அழுத்தமான கழுவல் 70 டிகிரி அளவிலும் நடைபெறும். கிருமி நீக்கும் திறன் உண்டெனச் சொல்லிக்கொள்ளும் வீட்டு இயந்திரங்களுக்கு அமெரிக்காவின் என்.எஸ்.எஃப். அமைப்பு வகுத்துள்ள தரநிலைகூட, இறுதி அலசல் நீர் ஏறத்தாழ 66 டிகிரியை எட்டினால் போதும் என்றே கூறுகிறது. உண்ணும் தட்டுக்கு அறுவைக் கத்தியின் தூய்மை தேவையில்லை. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கும் அப்படியே.

தட்டிலிருந்து கிருமிகளை அகற்றுவதில் பெரும்பங்கு சோப்புக்கும், ஓடும் நீருக்கும், நன்றாக உலர்த்துவதற்கும் உரியது. வெப்பம் அவற்றுக்குத் துணை. கொழுப்பை இளக்குவது, சலவைத்தூளைக் கரைப்பது, கடைசியில் தட்டு தானே உலர உதவுவது ஆகியவை அதன் வேலைகள். கிருமிகளைக் குறைப்பதும் அதனுள் அடங்கும். ஆகவே இயந்திரம் சூடாகவில்லையெனில் அதைப் பழுதுபார்க்கத்தான் வேண்டும். ஆனால் அதுவரை வீட்டில் பேராபத்து சூழ்ந்துவிட்டதாக எண்ண வேண்டியதில்லை. எங்கள் நோயாளர்களுக்கு உணவுவழித் தொற்று வருமென நாங்கள் அஞ்சுவது தட்டைவிட உணவிலிருந்துதான்: வெந்தும் வேகாத முட்டை, சாலையோரம் வெட்டி வைத்த பழம், குளிர்பெட்டியில் மூன்று நாள் கிடந்து பாதி சூடாக்கிய குழம்பு.

இனி இயந்திரத்துக்கு வருவோம். உண்மையிலேயே சூடாகவில்லையா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். விரைவுக் கழுவல் சிலவற்றிலும், வெறும் அலசல் முறையிலும் நீர் மிகுதியாகச் சூடாவதில்லை. சிக்கன முறையிலும் சூடு குறைவே. எனவே 65 அல்லது 70 டிகிரி என்று குறித்த முறையைத் தேர்ந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். வீட்டிலுள்ள ஏ.சி., கீசர், மோட்டார் ஆகியவற்றை நிறுத்திவிட்டு மின்வாரிய மீட்டரைப் பாருங்கள். டிஷ்வாஷரின் ஹீட்டர் பொதுவாக 1,800 முதல் 2,000 வாட் வரை இழுக்கும். அது இயங்கும்போது மீட்டரின் சிறு சிவப்பு விளக்கு படபடவென்று துடிக்கும். மோட்டார் மட்டும் ஓடினால் மெல்லத் துடிக்கும். அரை மணி நேரம் கழிந்தும் துடிப்பு விரையவில்லை என்றால் ஹீட்டருக்கு மின்சாரம் போகவில்லை என்று கொள்ளலாம். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை உள்ளே வைத்துச் சோதிக்க வேண்டாம். அது 42 டிகிரி வரைதான் அளக்கும். பாதரச வகையாயின் உடைந்து பாதரசம் சிந்தும். இதை ஒருவர் செய்திருப்பதால்தான் எழுதுகிறோம்.

மின்னழுத்தக் குறைவும் ஒரு காரணம். 230 வோல்ட்டுக்கு உரிய ஹீட்டருக்கு 180 வோல்ட் மட்டுமே கிடைத்தால், அது தரும் வெப்பம் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்காகக் குறைந்துவிடும். மாலையில் சூடாகாத இயந்திரம் விடியற்காலையில் நன்றாகச் சூடானால் பழுது இயந்திரத்தில் இல்லை.

அடுத்து, அடித்தட்டிலுள்ள வடிகட்டி. சோற்றுப் பருக்கை, கறிவேப்பிலைக் காம்பு, புளிச்சக்கை எல்லாம் அங்கேதான் சேரும். வடிகட்டி அடைத்துக்கொண்டாலோ, குழாயில் நீர்வரத்து குறைந்தாலோ உள்ளே போதிய நீர் சுழலாது. நீர் குறைவாக இருக்கையில் ஹீட்டர் எரிந்துவிடக் கூடாது என்பதற்காக, பல இயந்திரங்கள் அந்நிலையில் ஹீட்டருக்கு மின்சாரம் செல்லவே விடுவதில்லை. வெறும் வடிகட்டி அடைப்பால் சூடு நின்றுபோன இயந்திரத்துக்குப் புது ஹீட்டர் வாங்கியவர்கள் உண்டு என்றார் எங்கள் பொறியாளர்.

மூன்றாவது, உப்புநீர். போர்வெல் நீரையும் டேங்கர் நீரையும் நம்பியிருக்கும் வீடுகளில் இதுவே பெரும்பகை. கீசரில் படிவது போன்ற அதே சுண்ணாம்புப் படிவம் ஹீட்டரின்மேலும் படிந்து, வெப்பத்தை நீருக்குள் போகவிடாமல் தடுக்கிறது; நாளடைவில் ஹீட்டர் தானே வெந்து கெடுகிறது. இதைத் தடுக்கவே பல இயந்திரங்களில் நீரை மென்மையாக்கும் பிசின் கலமும், அதற்கென உப்பு போடும் இடமும் வைத்திருக்கிறார்கள். அதற்குரிய பரல் உப்பையே போட வேண்டும். அயோடின் கலந்த தூளுப்பு கட்டிபிடித்துவிடும். "உப்பைக் குறைக்கச் சொல்கிறீர்களே, இயந்திரத்தில் கிலோ கணக்கில் உப்பு போடுகிறோமே" என்று இரத்த அழுத்த நோயாளர் ஒருவர் எங்களைக் கேட்டார். நியாயமான கேள்விதான். அந்த உப்புநீர் பிசினைக் கழுவிவிட்டுச் சாக்கடைக்குப் போய்விடுகிறது, தட்டின்மேல் ஊற்றப்படுவதில்லை. அதனால் உணவில் உப்பு கூடாது.

ஏற்கெனவே படிந்த சுண்ணாம்பை நீக்க, சிட்ரிக் அமிலம் கொண்ட தூளை இட்டு, காலி இயந்திரத்தை ஒருமுறை ஓட்டலாம். அதனோடு பிளீச்சிங் பவுடர் சேர்க்கவே கூடாது. இரண்டும் கலந்தால் வெளிப்படும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும்.

இவ்வளவும் வீட்டார் செய்யத்தக்கவை. அடிமூடியைக் கழற்றுவது மெக்கானிக்கின் வேலை. நீரும் மின்சாரமும் ஒருசேர இருக்கும் இயந்திரம் இது. சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கை உருவி, குழாயையும் மூடிய பிறகே எவரும் கைவைக்க வேண்டும். இயந்திரத்தைப் போட்டவுடன் வீட்டின் கசிவு மின்தடுப்பான், அதாவது ஆர்.சி.சி.பி., விழுந்துவிடுகிறது என்றால், அதைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள். ஹீட்டரின் உறை வெடித்து நீருக்குள் மின்சாரம் கசிவதாக இருக்கலாம்.

மெக்கானிக் வந்ததும் "போர்டு போச்சு, மாத்தணும்" என்றால், அளந்து காட்டச் சொல்லுங்கள். 2,000 வாட் ஹீட்டரின் இரு முனைகளுக்கிடையே மல்டிமீட்டர் வைத்தால் 26 ஓம் அளவில் காட்ட வேண்டும். எல்லையின்றிக் காட்டினால் ஹீட்டர் அறுந்துவிட்டது. ஹீட்டர் நலமெனில், அடுத்துப் பார்க்க வேண்டியவை நீரின் சூட்டை உணரும் தெர்மிஸ்டர், மிகைவெப்பத் தடுப்பான், போர்டில் ஹீட்டரை இயக்கும் ரிலே, அதன் பற்றவைப்பு ஆகியன. மிகைவெப்பத் தடுப்பானைக் கம்பி போட்டு இணைத்துவிடுகிறேன் என்று எவரேனும் சொன்னால் மறுத்துவிடுங்கள். தீப்பிடிக்காமல் காப்பது அதுதான்.

அந்த அம்மையார் வீட்டுக்கு முதலில் வந்தவர், ஹீட்டரோடு சேர்ந்த பம்ப்பையே மாற்ற வேண்டும் என்றிருக்கிறார். இரண்டாவதாக வந்தவர் அளந்து பார்த்திருக்கிறார். ஹீட்டர் நலமாக இருந்தது. கெட்டிருந்தது தெர்மிஸ்டர்; குளிர்ந்த நீரையே அது கொதிநீர் என்று போர்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. பழுதான வெப்பமானியை நம்பி மருந்து கொடுக்கும் மருத்துவர்களின் நிலையை இது எங்களுக்கு நினைவூட்டியது.

பழுது நீங்கும்வரை செய்ய வேண்டியது எளிது. கையால் கழுவுங்கள். பாத்திரம் துலக்கும் சோப்பும் கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரும் போதும். ஓடும் நீரில் அலசி, தாங்கியில் கவிழ்த்துக் காற்றிலோ வெயிலிலோ உலரவிடுங்கள். ஈரத் துணியால் துடைத்தால் கழுவிய பயன் போய்விடும். தேய்க்கும் நாரையும் பஞ்சையும் தினமும் பிழிந்து உலர்த்தி, அடிக்கடி மாற்றுங்கள். பச்சை இறைச்சி, மீன் வெட்டிய பலகையைத் தனியே கழுவுங்கள்.

கைக்குழந்தையின் பால்புட்டியையும், மாற்றுச் சிகிச்சைக்குப் பிந்தைய முதல் மாதங்களில் அல்லது வெள்ளணுக்கள் மிகக் குறைந்த காலத்தில் நாங்கள் தனியாகச் சொன்னால் நோயாளரின் டம்ளரையும் கரண்டியையும், கொதிக்கவைக்கலாம். அதற்குக் குண்டான் வேண்டாம். சிறிய பாத்திரத்தில் குளிர்ந்த நீர் ஊற்றிப் பொருள்களை அதிலேயே இட்டு, மூழ்கியிருப்பதைப் பார்த்துக்கொண்டு கொதிக்கவிடுங்கள். சில நிமிடங்கள் கொதித்ததும் அடுப்பை அணைத்து, அப்படியே ஆறவிடுங்கள். சூடான நீரைத் தூக்கவோ, ஊற்றவோ வேண்டிய தேவையே எழாது. 60 டிகிரி நீர்கூட வளர்ந்தோரின் தோலை ஏறக்குறைய ஐந்து விநாடிகளில் ஆழமாகப் புண்ணாக்கும். 70 டிகிரிக்கு ஒரு விநாடியே போதும். குழந்தைகளின் தோலுக்கு அதனினும் குறைவு. தவறிச் சுட்டுவிட்டால், குழாய்நீரை 20 நிமிடங்கள் அதன்மேல் ஓடவிடுங்கள். பற்பசை, மை, மஞ்சள், பனிக்கட்டி எதுவும் வேண்டாம். சிறுநீரகம் கொடுத்தவரானாலும் பெற்றவரானாலும் வலி மாத்திரை வாங்குமுன் எங்களைத் தொலைபேசியில் கேளுங்கள்.

இயந்திரம் நன்றாக ஓடினாலும், கதவைச் சுற்றியுள்ள ரப்பரைத் துடைத்து, ஓட்டம் முடிந்தபின் கதவைச் சற்றுத் திறந்து வையுங்கள். 2011-இல் ஸ்லோவேனிய ஆய்வாளர்கள் பல நாடுகளின் 189 வீட்டு இயந்திரங்களை ஆராய்ந்து, அவற்றுள் 62 விழுக்காட்டின் கதவு ரப்பரில் பூஞ்சைகளைக் கண்டனர். அவற்றால் நோய் வந்ததென்று அந்த ஆய்வு நிறுவவில்லை. இருப்பினும் எங்கள் நோயாளர்கள் அந்த ரப்பரைத் தாமே துடைக்காமல் வேறொருவரிடம் விடுவது நல்லது. சலவைத்தூளும் மாத்திரையும் கடுங்காரம் உடையவை. மிட்டாய் போலத் தோன்றும் அவற்றைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

அம்மையாரின் புண் ஆறுவதற்கு ஆறு வாரங்கள் ஆயின. வலி மாத்திரையை நிறுத்தியபின் கிரியாட்டினினும் படிப்படியாகப் பழைய அளவுக்கு இறங்கியது. சென்ற மாதம் மகளோடு வந்தபோது, இம்முறை தமக்கும் ஒரு சீட்டு பதிந்திருந்தார். இயந்திரம் எப்படி இருக்கிறது என்று கேட்டோம். "இப்பல்லாம் கதவத் தொறந்தா கண்ணாடி மேல ஆவி படிஞ்சி ஒண்ணுமே தெரியறதில்ல டாக்டர்" என்று சொல்லி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக் காட்டினார்.