பூசப் பூச உதிரும் சுவர்! பழைய வீடுகளில் ஓதம் ஏறுவது ஏன்?

கோவை-

"ஏனுங்க, போன வருசந்தான் சிமெண்டு பூசுனோம். மறுபடியும் பொரிஞ்சு கொட்டுதுங்க!"

ஐப்பசி மழை வந்தால் டவுன்ஹால், உக்கடம் பக்கத்துப் பழைய வீடுகளில் கேட்கும் புலம்பல் இது.

மதுக்கரையில் சிமெண்டு ஆலை வந்தது 1934-ல். அதற்கு முந்தைய வீடுகள் பெரும்பாலும் செங்கல், மண், சுண்ணாம்புக் காரையில் எழும்பியவை. அஸ்திவாரத்தில் ஓதம் தடுக்கும் பூச்சு கிடையாது. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல சுவர் தரை ஈரத்தை இழுக்கும். 3 அடி உயரம்கூட ஏறும்.

சுண்ணாம்பு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்டு லேசில் விடாது! உள்ளே அடைபட்ட ஈரம் உப்பாகப் பூத்து, பூச்சைத் தள்ளிவிடும். போட்ட பணம் அம்போ!

என்ன செய்யலாம்?

முதலில் மழைத்தண்ணீர் இறங்கும் குழாயில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். தெரு உயர்ந்து வீடு பள்ளமாகியிருந்தால், சுவரோர மண்ணை வெட்டித் தாழ்த்துங்கள். பிறகு சிமெண்டைக் கொத்தி எடுத்து, சுவரைக் காயவிட்டு, சுண்ணாம்பு பூசுங்கள். காய்வதற்கு மாதக் கணக்காகும்.

ஓதச் சுவரில் பூஞ்சை பிடிக்கும். இழுப்பு உள்ளவர்களைப் பாடாய்ப் படுத்தும். பாட்டி கட்டிலைச் சுவரைவிட்டுத் தள்ளிப் போடுங்கள். சுவிட்சு போர்டில் ஈரம் கண்டால் தொடாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அவசரப்பட்டுப் பூசினால், அடுத்த ஐப்பசிக்கும் அதே கொத்தனார்தான்!