தகர ஷெட்டுக்கு வாட்டம் பிடிப்பது

டீ ஆறட்டும், அதற்குள் சொல்லிவிடலாம். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில் மலைப்பக்கம் திரும்பினால் மா, தென்னந்தோப்புகள். உர மூட்டையும் மண்வெட்டியும் போட்டுவைக்க ஆங்காங்கே தகர ஷெட். கூரையைப் பார்த்தால் நேற்றுப் போட்டதுபோல இருக்கும். குனிந்து அடியைப் பாருங்கள். ஒரு சாண் உயரத்துக்குச் சேறு அப்பி, துருவேறி, தகரம் சல்லடையாகியிருக்கும். கூரைத் தண்ணீர் நேரே விழுந்து மண்ணைக் குழி பறிக்கிறது. தெறிக்கிற சேறு சுவர்த் தகரத்திலேயே ஒட்டி ஈரம் காயாமல் கிடக்கிறது. கூரை நுனியில் தண்ணீரை ஏந்துகிற கட்டர் காப்பாற்றுவது ஷெட்டின் காலைத்தான்.

தண்ணீர் கொஞ்சமாகவா வரும்? 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 10 அடிக்கு 8 அடி ஷெட்டின் கூரை ஏறக்குறைய 7.5 சதுர மீட்டர். ஐப்பசியில் ஒரு சாயங்காலம் இடியோடு 3 சென்டிமீட்டர் கொட்டினால் 200 லிட்டர் டிரம் நிரம்பி வழியும்.

கட்டரை ஷீட் நுனியில் ஸ்க்ரூ அடித்துத் தொங்கவிடுகிறவர்கள் உண்டு. ஆடிக் காற்றில் ஷீட் படபடக்க, ஓட்டை பெரிதாகி இரண்டும் சேர்ந்து வரும். கிளாம்பை உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தில்தான் முடுக்க வேண்டும். சட்டம் உள்ளடங்கி இருந்தால் எல்-ஆங்கிள் துண்டு வைத்து வெளியே நீட்டிக்கொள்ளுங்கள். 2 அடிக்கு ஒரு கிளாம்ப். மலையடிவாரத்தில் குரங்கு உட்கார்ந்து பார்க்காத கட்டர் கிடையாது. அதனால் பிவிசியைவிட ஜிஐ தகரத்துக்கே என் ஓட்டு. பிவிசிதான் என்றால் இணைப்பில் இடைவெளி விடுங்கள். நம் ஊர் வெயிலில் 6 மீட்டர் பிவிசி ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் நீளும். நீள இடமில்லாவிட்டால் வளைந்துகொள்ளும்.

அடுத்தது வாட்டம். வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஷீட் நுனியைப் பார்த்து அளந்து கோடு போடாதீர்கள். ஷெட்டே ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம். கொத்தனார் வைத்திருக்கிற டியூப் மட்டத்தை வாங்கி, இரண்டு முனையிலும் மட்டம் குறித்துக்கொண்டு, பைப் இறங்குகிற முனையை 10 அடிக்கு முக்கால் இன்ச் தாழ்த்துங்கள். முதலில் இரண்டு முனைக் கிளாம்ப், நடுவில் நூல், மற்றதெல்லாம் நூலைத் தொட்டபடி. முழுதாக முடுக்குமுன் மேட்டுப் பக்கம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எங்கே தேங்குகிறதோ அந்தக் கிளாம்பைத் தூக்க வேண்டும்.

ஷீட் நுனி கட்டரின் வாயில் மூன்றில் ஒரு பங்குக்கு வந்து நின்றால் போதும். அதற்கு மேல் நீண்டால் வலுத்த மழையில் தண்ணீர் கட்டரைத் தாண்டிக் குதிக்கும். கட்டரின் முன் விளிம்பு பின் விளிம்பைவிட அரை இன்ச் தாழ்ந்திருக்கட்டும். அடைத்துக்கொண்டாலும் வெளிப்பக்கமே வழியும். இன்னொன்று, கலர் ஷீட்மேல் கிரைண்டர் ஓட்ட விடாதீர்கள். பொறியாகத் தெறிக்கும் இரும்புத் தூள் பெயின்ட்டில் ஒட்டி, முதல் மழையிலேயே துருப்புள்ளி வைக்கும். தகரம் வெட்டும் கத்தரியே போதும்.

இறங்குகிற தண்ணீரை என்ன செய்வது? பழைய ஓட்டு வீடுகளில் தாழ்வாரத் தகரத்தின் வாய்க்கு நேரே முற்றத்தில் அண்டா வைத்துப் பிடித்தார்கள். 2003-ல் தமிழக அரசு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது ஊரெங்கும் பைப்பும் குழியும் வந்தன. குழியைத் தூர்வார மறந்தவர்களும் நாம்தான். ஷெட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. ஒரு டிரம், வழிகிற தண்ணீர் தென்னை மூட்டுக்குப் போக ஒரு ஹோஸ். பைப் வாயில் வலை கட்டாயம். தையில் உதிர்ந்த மாம்பூ புரட்டாசி வரை கட்டருக்குள் மக்கிக் கிடக்கும். அடைமழைக்கு முன் ஏணி போட்டு ஒருமுறை அள்ளிவிடுங்கள். கோடை கழிந்து வருகிற முதல் மழை கூரைத் தூசியோடு வரும், அதைத் தரையில் விட்டுவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள். டிரம்முக்கு மூடி இல்லையென்றால் ஒரு வாரத்தில் கொசுப்புழு நெளியும். பழைய வேட்டித் துணியைப் போர்த்திக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாலும் போதும்.