அபிமானத்துக்கு ஒரு பேலன்ஸ் ஷீட்!

ஒரு கேள்வி. மனசுக்குள் பதில் சொன்னால் போதும். பக்கத்து சீட்காரர் காதில் விழ வேண்டாம்.

உங்கள் அபிமான இசையமைப்பாளருக்காக இதுவரை உங்கள் பாக்கெட்டிலிருந்து எத்தனை ரூபாய் போயிருக்கிறது?

முழிக்கிறீர்கள் அல்லவா! 'அவருக்காக உயிரையே கொடுப்பேன் சார்' என்கிற ஆசாமிகள்கூட இந்தக் கேள்விக்கு முழிக்கத்தான் செய்கிறார்கள். உயிர் கொடுப்பது சுலபம். யாரும் வந்து கேட்கப் போவதில்லை. ஐம்பது ரூபாய் கொடுப்பதுதான் கஷ்டம்.

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் நடுவே ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் வரவு, அந்தப் பக்கம் செலவு என்று எழுதிப் பார்க்கிற வியாதி எனக்கு உண்டு. ரசிகர்களையும் அப்படி எழுதிப் பார்த்ததில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

நான் மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்த காலத்தில் அங்கே இரண்டு பெரிய கட்சிகள். ஒன்று ராஜா கட்சி, இன்னொன்று ரஹ்மான் கட்சி. இது போக யுவன் கட்சி என்று ஒரு மூன்றாவது அணி. யார் டீ வாங்கித் தருகிறார்களோ அந்தப் பக்கம் சாயும்.

2009 பிப்ரவரி 23, திங்கட்கிழமை காலை. ரஹ்மான் இரண்டு ஆஸ்கர் வாங்கி, அந்த மேடையில் தமிழில் "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று சொன்னபோது, டி.வி. ஹாலில் ராஜா கட்சிக்காரர்களும் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒற்றுமை அரை மணி நேரம் நீடித்தது. மெஸ்ஸில் பொங்கல் வந்ததும், "எங்க ஆளு வாசிச்ச வாசிப்புக்கு அவரு..." என்று யாரோ ஆரம்பிக்க, சாம்பார் வாளிக்கு மேலேயே மறுபடியும் சண்டை.

இதில் வேடிக்கை என்ன தெரியுமோ? ரஹ்மான் சின்ன வயசில் இளையராஜாவின் இசைக்குழுவில் கீபோர்டு வாசித்தவர். அவர்கள் இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள். ஒரே ரூமில் படுத்துக்கொண்டு பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தவர்கள் நம் பையன்கள்தான்!

சரி, இவ்வளவு சண்டை போட்டார்களே, தங்கள் தலைவருக்கு என்ன செய்தார்கள்? அந்த ஹாஸ்டலில் புழங்கிய சரக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டு வாசலில் 30 ரூபாய்க்குக் கிடைத்த எம்.பி.3 சி.டி. ஒரு சி.டி.யில் நூற்றைம்பது பாட்டு. ஒருவன் வாங்குவான், நாற்பது பேர் காப்பி எடுப்பார்கள். இசையமைப்பாளர் கணக்கில் சேர்ந்தது: பூஜ்யம்!

இந்த இடத்தில் ஒரு சின்ன காமர்ஸ் வகுப்பு. கொட்டாவி விடாமல் கேளுங்கள்.

நம் ஊரில் சினிமாப் பாட்டுக்கு ரொம்ப காலமாக ஒரே வழிதான். தயாரிப்பாளர் ஒரு தொகை கொடுப்பார். இசையமைப்பாளர், கவிஞர் கணக்கு அதோடு பெரும்பாலும் முடிந்தது. அப்புறம் அந்தப் பாட்டு ரேடியோவில் ஓடினாலும், ஓட்டலில் ஓடினாலும், வருகிற காசு உரிமை வைத்திருப்பவருக்கு. 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். தியேட்டரில் படத்தோடு சேர்ந்து ஒலிப்பதைத் தவிர மற்ற இடங்களில் பாட்டைப் பயன்படுத்தினால், இசையமைப்பாளருக்கும் கவிஞருக்கும் ராயல்டியில் சம பங்கு உண்டு. அந்த உரிமையை வேறு யாருக்கோ எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது. வாரிசுக்குக் கொடுக்கலாம், வசூலித்துத் தரும் சங்கத்துக்குக் கொடுக்கலாம். அவ்வளவுதான்.

சட்டம் வந்துவிட்டது, பிரச்னை தீர்ந்தது என்கிறீர்களா? 'எஞ்சாய் எஞ்சாமி' ஞாபகம் இருக்கிறதா? 2021-ல் வந்தது. தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரித்த பாட்டு. சினிமாப் பாட்டே இல்லை. கோடிக்கணக்கான தடவை பார்க்கப்பட்டது. மூன்று வருஷம் கழித்து, 2024 மார்ச்சில், அந்தப் பாட்டிலிருந்து தங்கள் மூவருக்கும் ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். ஊரே ஆடிய பாட்டுக்கு இந்தக் கதி!

ஆகவே, ஒரு பாட்டை எத்தனை பேர் கேட்டார்கள் என்பது ஒரு கணக்கு. ஆக்கியவன் கைக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்பது வேறு கணக்கு. முதலாவதற்காக ராத்திரி முழுக்க செல்போனில் 'வியூஸ்' ஏற்றிக்கொண்டிருக்கிற தம்பிமார்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ராத்திரி போனது உங்களுடையது!

இப்போது கோட்டுக்கு இந்தப் பக்கம் வருவோம். ரசிகனின் சொந்தக் கணக்கு.

ரஹ்மான் கட்சியின் தலைவனாக எங்கள் ஹாஸ்டலில் ஒருவன் இருந்தான். பிசிக்ஸ். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். கல்விக் கடன் வாங்கிப் படிக்க வைத்தார். மகன் மூன்றாம் வருஷம் முடித்து வேலைக்குப் போனதும் கடனை அடைப்பது என்பது வீட்டுத் திட்டம். இவனோ எங்கே பாட்டு வெளியீடு, எங்கே கச்சேரி என்று அலைந்தான். அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே போனது.

"மாப்ள, ரஹ்மானே ஸ்கூலைப் பாதில விட்டவருதாண்டா" என்பான்.

"விட்டாரு. ஏன் விட்டாருன்னு கேட்டியா? ஒம்பது வயசுல அப்பா போயிட்டாரு. வீட்டுல அடுப்பெரியணும். அதனால கீபோர்டு வாசிக்கப் போனாரு. நீ மாதிரி இன்னொருத்தர் பாட்டைக் கேக்கறதுக்காக விடலை" என்றேன்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்து அரியர்ஸ். டிகிரி இரண்டு வருஷம் தாமதமாக வந்தது. அதுவரை கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. வட்டிக்கு ராஜாவும் தெரியாது, ரஹ்மானும் தெரியாது. அவன் அப்பா வழக்கமாக நிறுத்துகிற நேரத்துக்கு மேல் இன்னும் இரண்டு நடை வண்டி ஓட்டினார்.

அதே ஹாஸ்டலில் ராஜா கட்சிக்காரன் ஒருவன். என் வகுப்பு. கோயில் திருவிழாக்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பான். ராத்திரிக்கு 300 ரூபாய். அந்தக் காசில்தான் மெஸ் பில்லும், செகண்ட் ஹேண்ட் கீபோர்டும். அவனுக்கு ஒரு சட்டம். பரீட்சைக்கு ஒரு மாதம் முன்னாலிருந்து கச்சேரி கிடையாது. கீபோர்டை உறையில் போட்டு என் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவான். "நான் கேட்டாலும் குடுக்காத மாப்ள" என்று உத்தரவு. கேட்டான். நான் கொடுக்கவில்லை. இன்றைக்கு அவன் கோயம்புத்தூரில் நாலு கம்பெனிகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு பார்க்கிறான். சனிக்கிழமையானால் கல்யாண ரிசப்ஷனில் வாசிக்கிறான். அவன் ராஜா ஆகவில்லை. ஆனால் ராஜா பாட்டைப் பத்து வயசுப் பிள்ளைகள் வாய் திறந்து கேட்கும்படி வாசிக்கிறான். ரசிகன் செய்கிற காரியத்தில் இதைவிடப் பெரிசாக எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

இளையராஜாவும் ஊரிலிருந்து வந்த உடனே 'அன்னக்கிளி' போட்டுவிடவில்லை. தன்ராஜ் மாஸ்டரிடம் உட்கார்ந்து மேற்கத்திய இசை கற்றார். ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக வருஷக்கணக்கில் வேலை பார்த்தார். 'அன்னக்கிளி' 1976-ல்தான். அந்த மனிதர் 2025 மார்ச் 8-ம் தேதி, 81 வயசில், லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றினார். எஸ்.பி.பி. என்ஜினீயரிங் படிக்கப் போன பிள்ளை. அனிருத் லயோலா காலேஜில் டிகிரி வாங்கியவர். வழி ஆளுக்கு ஆள் வேறு. ஆனால் தன் வேலையைப் போட்டுவிட்டு அடுத்தவருக்குக் கொடி பிடித்து மேலே வந்தவர் அந்த வரிசையில் ஒருவரும் இல்லை.

அப்படியானால் காலேஜ் பையன் என்னதான் செய்வது? என் பட்ஜெட் இதோ:

ஒன்று: பாட்டைக் காசு கொடுத்துக் கேளுங்கள். மாணவர்களுக்குச் சலுகை விலை தருகிற செயலிகள் இருக்கின்றன. மாதம் நாலு டீயும் இரண்டு பஜ்ஜியும் குறைந்தால் போதும்.

இரண்டு: கச்சேரி டிக்கெட் ஃபீஸ் பணத்தில் வாங்கக்கூடாது. பார்ட் டைம் காசில் வாங்குங்கள். 2023 செப்டம்பரில் சென்னையில் ரஹ்மான் கச்சேரிக்கு டிக்கெட் எடுத்த எத்தனையோ பேர் கூட்ட நெரிசலில் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய பணமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று: பையில் ஒன்றுமே இல்லையா? மார்கழி சீசனில் சென்னை சபாக்களில் பகல் கச்சேரிகள் நிறைய இலவசம். பாடுவது பெரும்பாலும் உங்கள் வயசுப் பிள்ளைகள். முன் வரிசையில் பத்தே பேர் இருப்பார்கள். பதினோராவது ஆளாகப் போய் உட்காருங்கள். பெரிய ஸ்டாருக்கு நீங்கள் லட்சத்தில் ஒருவர். இங்கே உங்கள் கைதட்டல் தனியாகக் கேட்கும்!

நான்கு: உங்கள் ஆளுக்காகச் சண்டை போடுகிற நேரத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள். மாதக் கடைசியில் கூட்டுங்கள். அதில் பாதியை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இன்டர் பரீட்சையோ, பேங்க் பரீட்சையோ, கிடார் வகுப்போ... எதுவானாலும் சரி.

ஆபீஸ் போகிற அண்ணாச்சிகளே, சிரிக்காதீர்கள். இயர்போனை மாட்டிக்கொண்டு, 'ஒரு நாள் நானும்...' என்று பத்து வருஷமாக பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும் உங்களுக்கும் இதே பட்ஜெட்தான். ஃபீஸ் என்கிற இடத்தில் இ.எம்.ஐ. என்று போட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கு டாலி ஆனால் சந்தோஷம். வால்யூமைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். ஆகவில்லையென்றால் இயர்போனைக் கழற்றிவிட்டுப் புத்தகத்தை எடுங்கள். பாட்டு எங்கேயும் போய்விடாது சார், செமஸ்டர் போய்விடும்!